ஜெர்மனியில் புதிதாகக் குடியேறுவோர் அன்றாட வேலைகளை முடிக்க வேண்டிய வரிசை

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜெர்மனிக்கு வந்து, வீட்டுப் பதிவு, வங்கி, காப்பீடு, வரி, விசா, மருந்து, குப்பை என எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய வேலையன்று. ஆனால் ஒரு வேலையில் கிடைக்கும் தாள் அடுத்த வேலைக்குத் தேவைப்படுவதால், வரிசை தவறினால் இரண்டும் நின்றுவிடும்.

நம் ஊரில் எல்லாம் கைபேசி எண்ணுக்கு வந்து சேரும். இங்கே எல்லாம் தபால் பெட்டிக்கு வருகிறது. வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் கடவுஎண் (PIN), குடியிருப்பு அட்டைக்கான கடவுஎண் ஆகிய அனைத்தும் காகித உறைகளில்தான் வரும். பதிவு செய்த முகவரியும் அந்த முகவரியில் உங்கள் பெயர் ஒட்டிய பெட்டியும் இருந்தால்தான் மற்றவை நகரும் என்பதால், கீழுள்ள வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது.

1. புறப்படும் முன்: தாள்களும் பெயரும்

பிறப்புச் சான்றிதழ், திருமணமானவராயின் திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் அசலைக் கைப்பையில் எடுத்து வாருங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் ஏற்கும் என்பதால், ஊரிலேயே அவசரப்பட்டு மொழிபெயர்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது பெயர். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. முதலெழுத்தாக நிற்கும் தந்தையின் பெயரே கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக விரிகிறது. ஆகவே கணவரின் குடும்பப்பெயர் அவருடைய தந்தையின் பெயர், மனைவியின் குடும்பப்பெயர் அவருடைய தந்தையின் பெயர், பிள்ளையின் குடும்பப்பெயர் கணவரின் பெயர் என்று, ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்கள் அமைந்துவிடும். இது தவறன்று, ஆனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் திருமணச் சான்றிதழும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், முடிந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

2. பதிவுக்கு உதவும் முகவரி

வீடு தேடும்போது வாடகைக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?” என்பதே. பதிவுக்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற உறுதிச் சான்று கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று எண்ணி வருபவர்களை, அது அந்தச் சான்றுக்கு ஈடாகாது என்று சொல்லி அலுவலர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவருடைய அறையை உள்வாடகைக்கு எடுப்பவர்கள், தங்க இடம் கிடைத்த நிம்மதியில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, பின்னர் பதிவில்லாமல் மாதக்கணக்கில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பணம் (கௌட்சியோன்) வெப்பச் செலவு முதலியவை சேராத வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளாகச் செலுத்தச் சட்டம் இடம் தருகிறது. வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

3. தபால் பெட்டியில் பெயர்

சாவி கிடைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம் ஆகாது. இங்கே அடுக்ககங்களில் பெரும்பாலும் வீட்டு எண் இருப்பதில்லை. தெரு, கட்டட எண், அதன்பின் பெட்டியில் உள்ள பெயர் என்றுதான் தபால்காரர் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும்.

என் வீட்டில் சில வாரங்கள் தங்கிய இளைஞர் ஒருவர், அதன்பின் தாமே பிடித்த வீட்டில் பெட்டியின் மேல் தம் அழைப்புப் பெயரை மட்டும் எழுதி ஒட்டினார். வரி எண் அவருடைய தந்தையின் பெயருக்கு வந்தது. “பெறுபவரைக் கண்டறிய இயலவில்லை” என்ற முத்திரையோடு திரும்பிப் போனது. சம்பள நாளன்று அதிகபட்ச வரி பிடித்தம் செய்யப்பட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் பெட்டியைப் போய்ப் பார்த்தார்.

ஆகவே கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக உள்ளது எதுவோ அதை எழுதுங்கள். வீட்டில் மூன்று குடும்பப்பெயர் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். வாசல் மணிக்கும் இதே விதி பொருந்தும். வீட்டு நிர்வாகம் பெயர்ப்பலகை அடித்துத் தரும்வரை காத்திராமல், அதுவரை ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி வையுங்கள்.

4. முகவரிப் பதிவு: அன்மெல்டுங்

குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியின் குடிமக்கள் அலுவலகத்தில் (பியூர்கர்ஆம்ட்) பதிவு செய்ய வேண்டும். கடவுச்சீட்டு, உரிமையாளர் சான்று, நிரப்பிய படிவம், குடும்பத்தோடு வந்தால் திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் தேவை.

பெருநகரங்களில் ‘டெர்மின்’ எனப்படும் நேர ஒதுக்கீடு வாரக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும் என்பதால், வீடு உறுதியானதுமே இணையத்தில் பதிந்துவிடுங்கள். இடம் இல்லை என்று காட்டினால், அதே நகரின் பிற பகுதி அலுவலகங்களையும் பாருங்கள். பிறர் விட்டுக்கொடுத்த நேரங்கள் அதிகாலையில் தோன்றுவதுண்டு. இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால், நேரம் கேட்டுப் பதிந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் தாமதிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அலுவலரின் முன் அமர்ந்ததும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, அவர் கணினியில் ஏற்றிய பெயர். வரி அலுவலகம் முதல் வானொலிக் கட்டண நிறுவனம் வரை எல்லோரும் இந்தப் பதிவிலிருந்தே பெயரை எடுப்பதால், இங்கே முன்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறினால் அந்தப் பிழை எல்லா இடங்களுக்கும் பரவும். கையொப்பமிடும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பின்னால் வரிசையில் நிற்பவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது, சமயம் கேட்கும் கட்டம். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் தேவாலய வரி தானாகவே சம்பளத்தில் பிடிக்கப்படும். அது வருமான வரியில் பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். கிறிஸ்தவ நண்பர்கள் பலர் இதை அறியாமல் எழுதிவிட்டு முதல் சம்பளச் சீட்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள். என்ன எழுதுவது என்பது அவரவர் மனச்சான்று; ஆனால் தெரிந்து எழுத வேண்டும். பின்னர் விலக வேண்டுமானால் அதற்குத் தனி அலுவலக நடைமுறை உண்டு.

முடிவில் கையில் தரும் பதிவுச் சான்றை உடனே ஸ்கேன் செய்து வையுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

5. வங்கிக் கணக்கும் சிம் அட்டையும்

சில வங்கிகள் கடவுச்சீட்டையும் விசாவையும் கொண்டே கணக்கைத் தொடங்கும். பல வங்கிகள் பதிவுச் சான்றைக் கேட்கும். காணொளி அழைப்பில் அடையாளம் சரிபார்க்கும் முறை எல்லா நாட்டுக் கடவுச்சீட்டையும் ஏற்காது. அப்படி நின்றுபோனால், அடையாளச் சரிபார்ப்புக் கடிதத்தோடு அஞ்சலகத்துக்கு நேரில் செல்லும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையும் அதன் கடவுஎண்ணும் இரண்டு தனித்தனி உறைகளில் வேறு வேறு நாள்களில் வரும். ஒன்று வந்து மற்றொன்று வரவில்லை என்று பதற வேண்டாம். மாணவர்கள், விசாவுக்காகத் தொடங்கிய, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டும் விடுவிக்கும் முடக்கக் கணக்கிலிருந்து மாதப் பணம் பெறுவதற்கும் இந்த நடப்புக் கணக்கு வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாடகைக்கு மாதந்தோறும் தானே செல்லும் நிலையான ஆணையை அமைத்துவிடுங்கள். மின்சாரம், இணையம் முதலியவற்றுக்கு நிறுவனமே பணத்தை எடுத்துக்கொள்ளும் ‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ முறை வசதியானது. அனுமதித்திருந்தாலும் எட்டு வாரங்களுக்குள் அந்தத் தொகையைத் திரும்பப் பெற வங்கியிடம் கேட்கலாம். ஆனால் கட்ட வேண்டிய தொகையை இப்படித் திருப்பினால் கட்டணத்தோடு நினைவூட்டுக் கடிதம் வரும்.

சிம் அட்டையைப் பொறுத்தவரை, முதல் ஆண்டில் முன்பணம் செலுத்தும் சிம்மே போதும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு கைபேசி ‘இலவசமாக’ வருவதை நம்பிக் கையொப்பமிடுபவர்களே அதிகம் வருந்துகிறார்கள்.

6. மருத்துவக் காப்பீடு, வரி எண், சம்பளம்

வேலை தொடங்கும் முன்பே ஒரு பொதுக் காப்பீட்டு நிதியைத் தேர்ந்து, உறுப்பினர் சான்றை நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். அடிப்படைக் கட்டணம் எல்லா நிதிகளிலும் சம்பளத்தில் 14.6 சதவீதமே, கூடுதல் கட்டணம் மட்டும் நிதிக்கு நிதி மாறுபடும். இரண்டிலும் பாதியை நிறுவனம் ஏற்கிறது. வருமானமில்லாத கணவர் அல்லது மனைவியும் பிள்ளைகளும் தங்களுக்கெனத் தனிக் கட்டணமின்றி அதே காப்பீட்டில் சேரலாம். அதற்கும் திருமண, பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும்.

அதிகச் சம்பளத்தில் வருபவர்களிடம், தனியார் காப்பீடு மலிவு என்று முகவர்கள் ஆங்கிலத்தில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். தனியாக வரும் இளைஞருக்கு அது உண்மையிலேயே மலிவாக இருக்கலாம். ஆனால் அங்கே தலைக்குத் தலை கட்டணம், வயதேற ஏற அதுவும் ஏறும், பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் எளிதன்று. முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

பதிவு செய்த சில வாரங்களில் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். இதற்கு விண்ணப்பம் தேவையில்லை, பதிவே விண்ணப்பம். எண் வராமல் சம்பள நாள் வந்துவிட்டால் நிறுவனம் ஆறாம் வரி வகுப்பில் அதிகமாகப் பிடிக்க நேரலாம். எண்ணைக் கொடுத்தபின் அது சரிசெய்யப்படும் என்றாலும், முதல் மாத வாடகைக்கு அந்தப் பணம் உதவாது. கடிதம் தொலைந்துபோனால் கடவுச்சீட்டோடு உள்ளூர் வரி அலுவலகத்துக்குச் சென்று கேட்டுப் பாருங்கள். மறுபடி தபாலில் வரவழைப்பதைவிட அது விரைவாக முடியலாம்.

7. குடியிருப்பு அனுமதி

விசாவில் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று யாரும் அமைதியாக இருக்கக் கூடாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். அதன்பின் அட்டை அச்சாகி வரவும் வாரங்கள் ஆகும். பதிவு முடிந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, பதிவுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருங்கள். 2025 மே முதல் இதற்கான புகைப்படம் டிஜிட்டல் வடிவில்தான் தரப்பட வேண்டும் என்பதால், ஊரில் எடுத்த காகிதப் படங்கள் பயன்படா.

விசா முடியும் தேதிக்கு முன்பு விண்ணப்பம் சென்றிருப்பது மிக முக்கியம். அப்படிச் சென்றிருந்தால், முடிவு வரும்வரை ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற இடைக்காலச் சான்றைக் கேட்டுப் பெறலாம். அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன், உள்ளே எந்தக் கட்டத்தில் குறி இடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற இடத்தில் குறி இருந்தால் வெளியே சென்று திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வர முடியாமல் போகும்.

8. தானாக வந்து சேரும் கடிதங்கள்

பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடுபவர்கள் பலர். அது சட்டப்படியான கட்டணம். வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஆளுக்கு ஒன்றன்று, வீட்டுக்கு ஒன்று. ஆகவே பகிர்ந்து குடியிருப்பவர்கள், ஏற்கெனவே கட்டுகிறவரின் கட்டண எண்ணைத் தெரிவித்து விலகிக்கொள்ளலாம். பதில் எழுதாமல் விட்டால் கடிதம் அடுத்தடுத்து வரும், தொகையும் கூடிக்கொண்டே போகும்.

மஞ்சள் நிற உறையில் கடிதம் வந்தால் அன்றே பிரியுங்கள். உறையின் மேல் தபால்காரர் கையால் ஒரு தேதி எழுதியிருப்பார். பதிலளிக்கும் காலக்கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நீங்கள் அதை எப்போது படித்தீர்கள் என்பது கணக்கில் வராது. உறையையும் எறிந்துவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை படம் எடுத்து அனுப்பச் சொல்வது இதற்காகவே.

9. கடை, பாட்டில், குப்பை, ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள், சில மணி நேரம் திறக்கும் பேக்கரிகள் போன்ற சிலவே விதிவிலக்கு. திங்கள் விடுமுறை என்றால் சனிக்கிழமை மாலை கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குப் பல நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. சிறு கடைகளில் அட்டை எடுக்காமல் போகலாம் என்பதால் கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் விலையோடு 25 சென்ட் வைப்புத்தொகை (ஃபான்ட்) சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். நசுக்கிய பாட்டிலையும் லேபிள் கிழிந்த பாட்டிலையும் இயந்திரம் பெரும்பாலும் திருப்பித் தள்ளும். நம் பழக்கத்தில் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கணக்குப் பார்த்து வருந்துவது முதல் மாதத்தில் எல்லோருக்கும் நடப்பது.

குப்பையில் காகிதம், பொதியுறை, சமையல் கழிவு, மீதி என்று தனித்தனித் தொட்டிகள் உண்டு. நிறங்கள் ஊருக்கு ஊர் சற்று மாறுவதால் மூடியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவிலுள்ள பெரிய கலங்களில் வெள்ளை, பச்சை, பழுப்பு எனப் பிரித்துப் போட வேண்டும்; ஞாயிறன்றும் இரவிலும் போடக் கூடாது, காரணம் சத்தம். இதே காரணத்தால் ஞாயிறு காலையில் கிரைண்டரில் மாவு அரைப்பதையும் தவிருங்கள். தரை வழியே அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். முதல் அறிமுகமே புகாராக அமைந்துவிடும். மாவைச் சனிக்கிழமை பகலிலேயே அரைத்து வைத்துவிடலாம்.

10. உடம்பு சரியில்லாதபோது

உடல்நலம் நன்றாக இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிந்துகொள்ளுங்கள். புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று பல மருத்துவர்கள் மறுப்பார்கள், காய்ச்சலோடு பத்து இடங்களுக்குத் தொலைபேசியில் அழைப்பது கடினம். இரவிலும் வார இறுதியிலும் 116117 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. சாதாரணக் காய்ச்சலுக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

பாராசிட்டமால்கூட மருந்தகத்தில் (அப்போடேக்கெ) மட்டுமே கிடைக்கும். சோப்பு, ஷாம்பு விற்கும் கடைகளில் கிடைக்காது. மருத்துவர் எழுதும் மருந்து இப்போது மின்வடிவில் பதிவாவதால் காப்பீட்டு அட்டையை மருந்தகத்தில் காட்டினால் போதும். ஒரு மருந்துக்கு உங்கள் பங்கு பொதுவாக 5 முதல் 10 யூரோ. வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் நாள் காலையிலேயே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரின் சான்று வேண்டும்; ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

11. பார்சல்

நீங்கள் வீட்டில் இல்லையென்றால் பார்சலை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர் பெயர் எழுதிய சீட்டைப் பெட்டியில் போட்டுச் செல்வார்கள். அன்று மாலையே போய் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு எட்டுக்குமேல் மணி அடிக்க வேண்டாம். அஞ்சல் கிளைக்குப் போய்விட்டதென்றால் ஏழு நாள்தான் வைத்திருப்பார்கள். சீட்டோடு கடவுச்சீட்டையோ குடியிருப்பு அட்டையையோ கொண்டு செல்ல வேண்டும். பார்சலில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பெட்டியின் மேல் செல்லப்பெயரை எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

12. பயணமும் ஓட்டுநர் உரிமமும்

உள்ளூர், வட்டாரப் போக்குவரத்து அனைத்துக்கும் ஒரே மாதச்சீட்டாக டாய்ச்லாண்ட் டிக்கெட் உள்ளது. 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அது சந்தா என்பதால், வேண்டாமென்றால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். 11ஆம் தேதி நினைவுக்கு வந்தால் அடுத்த மாதப் பணமும் போகும். அதிவேக ரயில்களில் அது செல்லாது.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்கள், குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே செல்லும். அதன்பின் அதை வைத்து ஓட்டுவது உரிமமின்றி ஓட்டும் குற்றமாகும். இந்திய உரிமத்தை மாற்ற எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். பயிற்சி வகுப்புகளுக்குக் கட்டாய எண்ணிக்கை இல்லை. விண்ணப்பத்துக்குக் கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சிச் சான்று, உரிமத்தின் மொழிபெயர்ப்பு ஆகியவை தேவை. எல்லாம் சேர்ந்து மாதங்கள் ஆகும் என்பதால், கார் வாங்கும் எண்ணமுள்ளவர்கள் இரண்டாம் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

13. ஒப்பந்தங்களை முடிப்பதும் ஊர் மாறுவதும்

எந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாலும், அன்றே அதை எப்போது முடிக்கலாம் என்று பார்த்து நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பணம் கட்டுவதை நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று எண்ணி உடற்பயிற்சிக் கூடத்திலும் இணைய நிறுவனத்திலும் கடனில் சிக்கியவர்கள் உண்டு. முடிப்பதாக எழுதி அனுப்பி, அதற்கு உறுதிப் பதில் வாங்க வேண்டும். வாடகை வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் காகிதத்தில் உங்கள் கையொப்பத்தோடு செல்ல வேண்டும், மின்னஞ்சல் செல்லாது.

ஜெர்மனிக்குள் வீடு மாறினால் புதிய இடத்தில் மறுபடி பதிவு செய்தால் போதும். பழைய பதிவு தானாக நீங்கும். நாட்டைவிட்டே போகிறவர்கள் மட்டும் பதிவு நீக்கச் சான்று (அப்மெல்டுங்) பெற வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம். காப்பீட்டையும் இணைய ஒப்பந்தத்தையும் வானொலிக் கட்டணத்தையும் முடிக்க அந்தச் சான்றைக் கேட்பார்கள் என்பதால், விமானம் ஏறும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கைக் கடைசியாக, முன்பணம் திரும்பி வந்த பிறகே மூடுங்கள். வீட்டு உரிமையாளர் கணக்குப் பார்த்து அதைத் திருப்ப மாதங்கள் எடுத்துக்கொள்வார்.